சிரிப்பு கிளப் ரோட்டைக் கடந்த ஞாயிறு

"வேற யாரையாவது கேளுங்களேன்" என்று பட்டாபிராமன் சொல்லிப் பார்த்தார். சொஸைட்டி செக்ரட்டரி கானிட்கர் அசைந்துகொடுக்கவில்லை. சோபாவில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது காபியும் குடிக்காமல் இந்த மனிதர் எழுந்திருக்கப்போவதில்லை என்பது அந்த உட்காரலிலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். பூனாவில், சாங்வியில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி சொஸைட்டியில் ஒரு சிரிப்பு கிளப் இருந்தது. ரிட்டையரான பெரியவர்கள் விடிகாலையில் கூடி நின்று, கையைத் தூக்கி, 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று சிரித்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று அவர்களிடம் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அவர்களுக்குக் குறைந்தது. மற்றவர்களுக்கு ஏறியது.

முன்பெல்லாம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கார்டனில் போய்த்தான் சிரித்துவிட்டு வருவார்கள். ஒருநாள் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பெரியவர் பாதத்தில் ஸ்கூட்டர் ஏறிவிட்டது. அன்றிலிருந்து கார்டன் வேண்டாம் என்று முடிவுசெய்து, கட்டடத்துக்குக் கீழே பார்க்கிங்கில் நின்று சிரிக்க ஆரம்பித்தார்கள். கிளப் தலைவர் ஒரு பழைய ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பிரிவுபசாரம் நடந்தபோது சால்வையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைமணியைக் கேட்டு வாங்கி வந்தவர். ஆறு மணிக்கு அந்த மணியைக் கிணுகிணுவென்று ஆட்டுவார். சிரிப்பு கிளம்பும். பார்க்கிங் தூண்களில் மோதி, படிக்கட்டு வழியாக ஏறி, ஒவ்வொரு மாடியாகக் கதவைத் தட்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீரிடும். இரண்டாவது மாடியில் கல்யாணமாகி ஆறு மாதமான ஜோடி எழுந்த கையோடு சண்டையைத் தொடங்கும். மொட்டைமாடிப் புறாக்களெல்லாம் லோணாவளாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகச் சொஸைட்டியில் பேச்சு.

"எப்படியாவது அவங்களை மறுபடியும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிடணும். நான் தூங்கி மாசக்கணக்காச்சு" என்றார் கானிட்கர், இந்தியும் இங்கிலீஷும் கலந்து. "இந்த ரோட்டைப் பயமில்லாம கிராஸ் பண்ற ஒரே ஆள் நீங்கதான். தினமும் என் பால்கனியிலேருந்து பார்க்கறேனே. எருமைக் கூட்டம் வேற குறுக்கே வந்து இடைஞ்சல் பண்ணுது. அதையும் சட்டை பண்ணாம, ராஜா மாதிரி நடந்து போறீங்க. நீங்க முன்னால போனா அவங்க பின்னால வர்றேன்கறாங்க."

பட்டாபிராமன் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து விசாலாக்ஷியின் குரல் வந்தது. கும்பகோணத்து இந்தியில் செக்ரட்டரிக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, கணவருக்காகத் தமிழில் ஒருமுறை சொன்னாள்.

"ஏன்னா, இதுக்குப் போய் என்ன பிகு? உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. அதையும் செய்யமாட்டேன்னா எப்படி?"

அதுதான் சங்கடம்.

பாங்கில் மாற்றலாகி அவர்கள் கும்பகோணத்திலிருந்து பூனா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்த மாதமே விசாலாக்ஷி கைனெடிக் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அடுத்த மாதம், ஊர்ப் பெண்களைப் போலவே துப்பட்டாவை முகத்தில் சுற்றிக் கண் மட்டும் தெரிய, ஆறு பேர் போகவேண்டிய இடத்தில் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு போகும் ரிக்‌ஷாக்களையே ஓரம்கட்ட ஆரம்பித்தாள். "ஆபீஸ்ல நானே கொண்டு விட்டுடறேனே, பின்னால உக்காந்துக்கோங்கோ" என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு, பாங்கு வாசலில் கேஷியர், கிளார்க், வாட்ச்மேன் எல்லோரும் பார்க்க இறங்குவதை ஒரு நிமிஷம் கற்பனை செய்துபார்த்தார் பட்டாபிராமன். "எதுக்கு? நடந்தே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் பஸ் பிடிச்சிண்டு போவேன்" என்று சொல்லிவிட்டார்.

விசாலாக்ஷி அசந்துபோனாள். கல்யாணமான நாளாய் அவரைப் பார்த்து அவள் அசந்தது அதுவே முதல் தடவை. "அந்த ரோட்டையா? நடந்தா?" என்று கேட்ட கேள்வியில் இருந்த மரியாதையை அவர் பத்திரமாக எடுத்து மனசுக்குள் பூட்டிவைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் எதிர்ப்பக்கம் போவதற்கு ஆட்டோ வைத்துக்கொண்டார். ஆமாம், ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்கு. ஆட்டோ நேராகப் போய், சர்க்கிளைச் சுற்றி, திரும்பி வந்து, ஏறின இடத்துக்கு எதிரே இறக்கிவிடும். டிரைவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு அவரைக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்ததும் அதையும் விட்டுவிட்டார். பிறகு ஒரு காலை, இன்றைக்கு எது நடந்தாலும் நடக்கட்டும் என்று ஓரத்தில் நின்று, கண்ணை இறுக மூடி, சாரங்கபாணிப் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு காலைக் கீழே வைத்தார். அந்தக் கணத்தில் பக்கத்தில் தொம்தொம் என்று சத்தம். கழுத்து மணி ஓசை. அவர் கைபட்ட இடத்தில், சுடச்சுட, சொரசொரவென்று ஒரு முதுகு.

கண்ணைத் திறந்தால் எருமைகளுக்கு நடுவில் இருந்தார். மொத்த ரோடும் நின்றிருந்தது. பஸ், லாரி, ஸ்கூட்டர், எல்லாம். மனிதனுக்கு நிற்காத பூனா எருமைக்கு நின்றது.

பக்கத்துச் சந்தில் தொழுவம் வைத்திருந்த தோண்டிபாவின் எருமைகள் அவை. தினமும் காலையில் ரோட்டைக் கடந்து ஆற்றுக்குக் குளிக்கப் போகும். முன்னால் போவது சந்திரபாகா. ஆனைக்குட்டி சைஸ். அன்றிலிருந்து பட்டாபிராமன் சந்திரபாகாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, 'ஹை ஹை' என்று தட்டிக்கொடுத்தபடி கடப்பார். அதிர்ஷ்டம் பாருங்கள், அவர் சீக்கிரம் கிளம்பினாலும் சரி, ஷேவிங்கில் வெட்டிக்கொண்டு தாமதமாக வந்தாலும் சரி, எருமைகள் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். அவர் காலை இறக்கவும் சந்திரபாகா காலை இறக்கவும் ஒன்றாக இருக்கும். அப்படியொரு ஒற்றுமை அவருக்கும் விசாலாக்ஷிக்கும் நடுவில்கூட இருந்ததில்லை. எல்லாம் பெருமாள் செயல் என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலம் பஸ் வீட்டுப் பக்கமே இறக்கிவிட்டுவிடும் என்பதால் கவலையில்லை.

போதாததற்கு அந்தச் சமயத்திலிருந்து வீட்டில் காபியும் பிரமாதமாகிவிட்டது. சொஸைட்டி முழுக்கப் பால் ஊற்றுகிறவன் தோண்டிபாதான். மற்ற வீடுகளில் அவன் ஊற்றும் பாலில் மீன் வளர்க்கலாம். பட்டாபிராமன் வீட்டுப் பால் மட்டும் திடீரென்று கெட்டியாகி, காய்ச்சினால் ஆடை கம்பளி மாதிரி படிந்தது. தான் போட்ட அதட்டலில் அவன் பயந்துவிட்டான் என்று விசாலாக்ஷி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அத்தனையும் போகப்போகிறது. சிரிப்பு கிளப் கிளம்புவது ஆறு மணிக்கு. எருமைகள் வருவது எட்டரைக்கு மேல். ரோட்டோரத்தில் அவர் நடுங்கி நிற்பதை விசாலாக்ஷி பார்த்தால், மறுநாளிலிருந்து பின் ஸீட், மடியில் பை, பாங்கு வாசல்.

பட்டாபிராமன் மூளையைக் கசக்கினார். "ஜீப்ரா கிராஸிங் இல்லாத இடத்துல பெரியவர்களைக் கூட்டிட்டுப் போறது சட்டப்படி தப்பாச்சே" என்றார். முனிசிபாலிட்டியில் எழுதிப்போட்டு, ஆள் வந்து, பெயிண்ட் வந்து, கோடு விழுவதற்குள் தனக்கே ரிட்டையர்மெண்ட் வந்துவிடும் என்பது கணக்கு.

தூக்கம் போன மனிதனின் வேகத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கானிட்கரின் மச்சினர் அங்கேதான் வேலையில் இருந்தார். அந்த வாரமே பளபளவென்று வெள்ளைக் கோடுகள் விழுந்துவிட்டன. நகரத்திலேயே இவ்வளவு வெள்ளையான கோடு கிடையாது என்றார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் அதை ஸ்டாண்டாக நினைத்து அதன்மேல் நிறுத்தி ஆள் ஏற்றினார்கள். ஸ்கூட்டர்காரர்கள் ஏதோ பந்தயத்தின் எல்லைக்கோடு போல அந்த இடத்தில் இன்னும் முறுக்கினார்கள்.

"கோடு மட்டும் போதுமா? போலீஸ் இருக்க வேண்டாமா?" என்றார் பட்டாபிராமன் அடுத்தபடியாக. இந்தச் சந்துமுனைக்கு எந்தப் போலீஸ் வரப்போகிறது என்ற தைரியம்.

அது ஜனவரி மாதம். சாலைப் பாதுகாப்பு வாரம். டிராஃபிக் இன்ஸ்பெக்டருக்கு ஹெல்மெட் போட்டவர்கள், லைட் போட்டவர்கள், ஹார்ன் அடிக்காதவர்கள் என்று எல்லா ரகத்திலும் மேடையேற்ற ஆள் கிடைத்துவிட்டது. ஒழுங்காக நடக்கத் தெரிந்த பாதசாரி மட்டும் அகப்படவில்லை. கானிட்கர் போய்ச் சொன்னதும் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலை தானே நேரில் வருவதாகச் சொன்னார். சொஸைட்டி வாசலில் துணி பேனர் ஏறியது. அதில் பாதசாரிகளின் நண்பர் என்று மராத்தியில் எழுதி, கீழே பட்டாபிராமன் பெயரைப் பாதி தப்பாகப் போட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு நிபந்தனையும் வைத்தார். அதைக் கானிட்கர் மிகுந்த பூரிப்போடு வந்து சொன்னார்.

"அவர் அந்தப் பக்கம் கார்டன் வாசல்ல ரிப்பனோட நிப்பார். ஆனா விசில் ஊதமாட்டார், வண்டியை நிறுத்தமாட்டார். போலீஸ் நிறுத்தி நடந்தா அது விழிப்புணர்வே இல்லையாம். நீங்க கையைக் காட்டணும், வண்டி தானா நிக்கணும். அப்பத்தான் ஜனங்க கத்துப்பாங்கன்னார்."

அன்று சாயங்காலம் பட்டாபிராமன் தோண்டிபாவின் தொழுவத்துக்குப் போனார். சாணத்தில் இரண்டு தடவை வழுக்கி, ஒருவழியாகச் சந்திரபாகா பக்கத்தில் போய் நின்றார். அவள் அவர் சட்டைக் கையை நக்கினாள். தனக்குத் தெரிந்த இந்தியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எருமைகளை ரோட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. தோண்டிபா கேட்கவுமில்லை. முண்டாசைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

"ஞாயித்துக்கிழமையா, சாஹேப்? நீங்க வர்றீங்களா?"

"வர்றேன்."

"நீங்க வந்தா நாங்களும் வர்றோம்" என்றான் அவன், முகமெல்லாம் மலர்ந்து.

படித்த மனிதரிடம் இவனுக்கு எவ்வளவு மரியாதை என்று நெகிழ்ந்துபோய்த் திரும்பினார். அன்று ராத்திரி சாப்பாட்டில் ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம் கானிட்கர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. நல்ல செய்தியை நின்றுகொண்டே சொல்கிற ரகம் அவர்.

"உங்களுக்காக இன்னொரு ஏற்பாடும் பண்ணிட்டேன். அந்த எருமைங்க. தினமும் உங்களுக்கு எவ்வளவு இடைஞ்சல். இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன். நாளைக்கு விழா முடியற வரைக்கும் சந்துக்குள்ளேயே நிறுத்தி வைக்க ஒரு கான்ஸ்டபிளைப் போடறேன்னுட்டார். ஒரு எருமைகூட உங்க பக்கத்துல வராது."

பட்டாபிராமன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த செக்ரட்டரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஜுரம் என்று படுத்துக்கொள்ளலாமா? மேலதிகாரி கூப்பிட்டார் என்று ஓடிவிடலாமா? விசாலாக்ஷியிடம் சொல்லிவிடுவதே மேல். அவள் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"விசாலம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்கோ. இப்பத்தான் கும்மோணத்துக்கு எஸ்.டி.டி. போட்டு எங்கண்ணாகிட்டப் பேசினேன். இவருக்கு இன்ஸ்பெக்டர் பொன்னாடை போத்தப்போறார்னேன். எங்கண்ணாவுக்குப் பேச்சே வரலை. உங்களைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லி அவன் கேட்டதே இல்லையோன்னோ, அதான்." சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். "ஆமா, என்ன சொல்ல வந்தேள்?"

"காலர்ல கஞ்சி ஜாஸ்தியா இருக்கு" என்றார் பட்டாபிராமன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பூனாவின் ஜனவரிக் குளிர். சிரிப்பு கிளப் பெரியவர்கள் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வரிசையில் நின்றார்கள். ஹெட்மாஸ்டர் முன்னால் நின்றார். அவர் போட்டிருந்த கறுப்புக் கம்பளி ஸ்வெட்டர் அவருடைய கல்யாணத்துக்கு முந்தியது என்பார்கள். அவ்வளவு தடிமன், அவ்வளவு சொரசொரப்பு. கையில் மணி. பால்கனிகளில் சொஸைட்டி முழுவதும் குடியிருந்தது. விசாலாக்ஷி மாலை வாங்கிவரக் கைனெடிக்கில் போயிருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் ரிப்பனோடும் தேங்காயோடும் நின்றார்.

ஞாயிறு காலை ரோடு காலியாக இருக்கும் என்று பட்டாபிராமனுக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. ரோடு காலியாகத்தான் இருந்தது. அதனால்தான் வந்த வண்டியெல்லாம் ஏரோப்ளேன் மாதிரி வந்தது. மார்க்கெட்டுக்குப் போகும் டெம்போக்கள், முட்டைக்கோஸ் லாரி, ஷிஃப்ட் முடிந்து சிஞ்ச்வட்டிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளர்களின் ஸ்கூட்டர்கள். ஒரு லாரி போன காற்றில் ஒரு பெரியவரின் குல்லா பறந்து பேனரில் மாட்டிக்கொண்டது.

பட்டாபிராமன் நடைபாதை விளிம்பில் நின்றார். சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கான்ஸ்டபிளின் தொப்பி தெரிந்தது. எருமை தெரியவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் 'வாருங்கள்' என்று கையைக் காட்டினார். பால்கனியில் யாரோ கைதட்டினார்கள். பட்டாபிராமன் காலைக் கீழே வைக்கப் பார்த்து, மறுபடியும் மேலே எடுத்துக்கொண்டார். மன்னிச்சுக்கோங்கோ, என்னால் முடியாது என்று சொல்வதற்காகத் திரும்பப் போனார்.

கிணுகிணு.

அவருக்குப் பின்னால், காதுக்குப் பக்கத்திலேயே மணி ஓசை. சந்திரபாகா. கான்ஸ்டபிளாவது ஒன்றாவது, எப்படியோ தப்பித்து வந்துவிட்டாள். பட்டாபிராமனின் கண் தானாக மூடிக்கொண்டது. கை தானாகப் பக்கத்தில் நீண்டது. இதோ, சுடச்சுட, சொரசொரவென்று முதுகு. காலை இறக்கினார். முதுகும் இறங்கியது. 'ஹை ஹை' என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கோயில் பிராகாரம் சுற்றுகிற நிம்மதியோடு நடக்க ஆரம்பித்தார்.

ரோட்டில் வந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு காட்சி. கண்ணை மூடிய ஒரு மனிதர் ஒரு கறுப்பு ஸ்வெட்டர்காரரின் முதுகைத் தட்டிக்கொண்டே நடுரோட்டில் வருகிறார். பின்னால் ஒருவர் ஸ்வெட்டரை ஒருவர் பிடித்துக்கொண்டு கிழவர் பட்டாளம், பயத்தில் 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று அலறிக்கொண்டு வருகிறது. விடிகாலை மூடுபனியில் இதைப் பார்த்து நிறுத்தாத வண்டி உலகத்தில் கிடையாது.

முதலில் நின்றது ஒரு கைனெடிக். கிறீச்சென்று கோட்டுக்கு ஒரு சாண் முன்னால். ஓட்டி வந்த பெண் துப்பட்டாவைக் கீழே இழுத்துவிட்டு, வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஹாண்டிலில் மாலை ஆடியது. அவளுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் லாரி நின்றது. அதன் பின்னால் பஸ். எதிர்த் திசையிலும் ஒன்றன்பின் ஒன்றாக. சாங்வி ஆரம்பித்த நாளாய் நடந்துபோகிறவர்களுக்காக அந்த ரோடு நின்றது அதுவே முதல் தடவை.

கால் நடைபாதையில் தட்டியதும் பட்டாபிராமன் கண்ணைத் திறந்தார். ரிப்பன். இன்ஸ்பெக்டர். தேங்காய். சந்திரபாகாவுக்கு நன்றி சொல்லத் திரும்பினார். கையில் மணியோடு ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"சிரிப்பைத் தொடங்கினா பயம் தெரியாதேன்னு மணி அடிச்சேன்" என்றார் ஹெட்மாஸ்டர். "ஆனா நீங்க என்னைத் தட்டிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, எங்கப்பாகூட அப்படிச் செஞ்சதில்லை."

அங்கே எருமை இல்லை. ஒன்றுகூட இல்லை. எருமைத் துணை இல்லாமலே கடந்திருக்கிறோம் என்பது பட்டாபிராமனுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஹோ ஹோ. அதைப் பார்த்துக் கிளப் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். எதிர்ப்பக்கப் பால்கனியில் கானிட்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளைக் காலை தூங்கப்போகிற மனிதர்.

விசாலாக்ஷி வண்டியை ஓரம்கட்டிவிட்டு மாலையோடு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏன்னா, கண்ணை மூடிண்டா வருவா? வண்டியில வரது நான்னு தெரிஞ்சு, நிறுத்துவேன்னு நம்பித்தானே மூடிண்டேள்?"

"வேற யாரை நம்புவேன்?" என்றார் பட்டாபிராமன். பொன்னாடை தோளில் விழுந்தது. அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும். இனி எருமை வேண்டாம், ஆட்டோ வேண்டாம், பின் ஸீட் வேண்டாம். ரகசியம் ரகசியமாகவே ஆற்றோடு போயிற்று.

தேங்காய் உடைத்தாயிற்று. விழா முடிந்தது என்று இன்ஸ்பெக்டர் சைகை காட்ட, சந்தில் நின்ற கான்ஸ்டபிள் எருமைகளை விட்டார். அவை வந்து ரோட்டு விளிம்பில் வரிசையாக நின்றன. கான்ஸ்டபிள் நல்ல மனிதர். இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியே கொடுத்தார். ரோடு மைதானம்போலக் கிடந்தது. சந்திரபாகா நகரவில்லை. தோண்டிபா பின்னாலிருந்து தள்ளினான். வாலை முறுக்கினான். கான்ஸ்டபிளும் ஒரு கை கொடுத்தார். அவள் கழுத்தை நீட்டி, எதிர்ப்பக்கம் பொன்னாடையோடு நின்ற பட்டாபிராமனையே பார்த்து, 'ம்மாஆ' என்று ஒரு குரல் கொடுத்தாள்.

தோண்டிபா கையை வாயருகில் குவித்துக்கொண்டு, சொஸைட்டி, சிரிப்பு கிளப், போலீஸ், விசாலாக்ஷி எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்.

"சாஹேப், ஒரு நடை இந்தப் பக்கம் வந்து எங்களையும் கூட்டிட்டுப் போயிடுங்க; போன வருஷம் டெம்போ இடிச்சதிலேருந்து நீங்க முன்னால இறங்கினாத்தான் இவ ரோட்டுல காலை வைக்கறா, இல்லேன்னா ஊரெல்லாம் தண்ணிப் பால் ஊத்தற நான் உங்க வீட்டுக்கு மட்டும் கெட்டிப் பால் எதுக்கு ஊத்தறேன்?"